புதுமண் மீது பூத்த ஆர்வம்: சிகந்தராபாத் தமிழர் வரலாற்றில் சில பக்கங்கள்

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடிபுகுந்தவன் முதலிரண்டு ஆண்டுகள் அங்குக் காணும் யாவற்றையும் வியந்து பேசுவது உலக இயல்பு. அவ்வூர்த் தண்ணீர் அவனுக்கு இனிக்கும். கடைத்தெரு அகன்று தோன்றும். அங்குள்ள மாந்தர் தம் ஊராரினும் பண்பிற் சிறந்தவராகக் காட்சியளிப்பர். ஊருக்கு எழுதும் கடிதங்களில் பாதி அவ்வூரின் பெருமையாகவே அமையும். நாள் செல்லச் செல்ல இவ்வார்வம் தணிகிறது. வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், மொழி புரியாத அண்டை வீட்டாரும், விடுப்புக் கிடைக்காத தீபாவளியும் அதனை மெல்ல மெல்லத் தேய்த்துவிடுகின்றன. இறுதியில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் ஊர் ஏக்கமே.

அங்ஙனமாயின் அந்த முதல் ஆர்வத்தால் விளைந்த பயன் யாது? அது வெறும் மயக்கந்தானா? அல்லது அதனால் நிலைத்து நிற்கும் செயல் ஏதேனும் விளைந்ததுண்டா? இவ்வினாக்களுக்கு நாம் வாழும் இவ்விரட்டை நகரின் வரலாற்றிலேயே விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரையாளன் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியாற்றி, மாற்றல் ஆணையின் பேரில் இந்நகருக்கு வந்து சேர்ந்தவன். கோப்புகளோடு பழகியவனுக்கு ஆண்டுகளையும் ஆணைகளையும் அடுக்கிப் பார்ப்பது பழக்கம். அப்பழக்கத்தையே ஈண்டும் துணையாகக் கொள்கிறேன்.

பாசறையாய்ப் பிறந்த நகர்

ஐதராபாத் மாநகரம் குதுப்ஷாஹி மன்னர்களால் அமைக்கப்பெற்றது. ஆயின் சிகந்தராபாத்தின் பிறப்பு வேறு. 1798-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐதராபாத் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி 6,000 சிப்பாய்கள் கொண்ட கம்பெனிப் படை அவரது நாட்டில் நிலையாகத் தங்கியது. அதற்காகும் செலவு நிஜாமின் பொறுப்பு. அப்படை உசேன் சாகர் ஏரிக்கு வடகிழக்கே கூடாரம் அடித்தது. 1806-ஆம் ஆண்டில், அப்போது அரசாண்ட சிக்கந்தர் ஜாவின் பெயரால் அவ்விடம் சிகந்தராபாத் எனப் பெயர் பெற்றது. பழைய மக்கள் இன்றும் அதனை 'லஷ்கர்' என்றே வழங்குவர். லஷ்கர் என்றால் படை. போனாலு விழாவைக்கூட 'லஷ்கர் போனாலு' என்றே சொல்வது நாம் ஆண்டுதோறும் கேட்பதுதானே!

இப்படைக்கும் தமிழர்க்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. இங்குத் தங்கிய படைகள் சென்னை இராணுவத்தைச் சேர்ந்தவை. அவ்விராணுவத்தில் தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையினர். வங்காளப் படையின் சிப்பாய் தன் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பணிக்குச் செல்வான். சென்னைப் படையின் சிப்பாயோ மனைவி மக்களையும் முதியோரையும் உடனழைத்துச் செல்வது வழக்கம். ஆகவே ஒரு படைப்பிரிவு இடம் பெயர்ந்தால் ஒரு சிற்றூரே பெயர்ந்து வந்தது போலாகும். சிப்பாயின் பின்னே கணக்கர் வந்தார். அரிசியும் தீவனமும் விறகும் வழங்கும் ஒப்பந்தக்காரர் வந்தார். வெள்ளை அதிகாரிக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று பேசும் துபாஷி வந்தார். சமையற்காரரும் வண்ணாரும் தையற்காரரும் வந்தனர். சிகந்தராபாத்தின் முதலியார் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் இவ்வாறு படைத்தொடர்பால் வந்தவரே. தெலுங்கு மக்கள் நம்மை 'அரவர்' என்றும் நம் மொழியை 'அரவம்' என்றும் அழைத்தனர். அப்பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது.

வந்தவர்க்கு இவ்வூர் எப்படித் தோன்றியிருக்கும்? முதலில் வியப்பு நாணயத்தைப் பற்றியதாக இருந்திருக்கும். நிஜாமின் நாட்டில் 'ஹாலி சிக்கா' என்னும் தனி நாணயம் புழங்கியது. பாசறைப் பகுதியிலோ கம்பெனி ரூபாயும் உடன் வழங்கியது. ஏறத்தாழ ஏழு ஹாலி ரூபாய் ஆறு ஆங்கில ரூபாய்க்கு ஈடு. சம்பளம் ஒரு நாணயத்தில், கடைக்கணக்கு மற்றொரு நாணயத்தில் என்றால் இல்லத்தரசிக்கும் கணிதம் கற்க வேண்டிய நிலை! அடுத்த வியப்பு மொழி. அரசாங்க ஏடுகள் முதலில் பாரசீகத்திலும் பின்னர் உருதுவிலும் எழுதப்பெற்றன, தெருவில் தெலுங்கும் தக்கினி உருதுவும் ஒலித்தன, பாசறையில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். சென்னையில் இரு மொழி அறிந்தவனைத் துபாஷி என்று மதித்தனர். இங்கே காய்கறி வாங்கச் சென்ற பாட்டியும் மும்மொழி பேசவேண்டியதாயிற்று.

இப்படை வாழ்வில் ஆர்வத்தோடு அச்சமும் கலந்திருந்தது. காலரா நோய் படைகளை அள்ளிச் சென்ற காலம் அது. சிகந்தராபாத்துப் படையில் டோலி தூக்கும் பணியில் இருந்த சுரிட்டி அப்பையா என்பவர் 1813-இல் உஜ்ஜயினிக்கு மாற்றப்பட்டார். அங்கே காலரா பரவியது. உயிர் பிழைத்தால் உஜ்ஜயினி மகாகாளியைத் தம் ஊரிலும் நிறுவுவதாக அவர் நேர்ந்துகொண்டு, 1815-இல் திரும்பி வந்து மரத்தாலான திருவுருவை வைத்து வழிபட்டார். 1864-இல் அது கற்சிலையாயிற்று. அதுவே இன்றைய உஜ்ஜயினி மகாகாளி கோயில். அரண்மனையிலிருந்து மானியம் பெற்று எழுந்த கோயில் அன்று அது. சுமை தூக்கிய ஒரு படைப் பணியாளரின் வேண்டுதலால் எழுந்தது. ஆடித் திங்களில் அங்குத் தலையில் போனக் குடம் சுமந்து செல்லும் மகளிர் கூட்டத்தில் இன்று யார் பழங்குடி, யார் வந்தேறி என்று எவரும் கேட்பதில்லை. ஒருவர் தமக்காக நேர்ந்துகொண்டது ஊருக்கே உரியதாயிற்று. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1862: ஒரு முதலியாரின் பள்ளிக்கூடம்

படை இருக்கும் ஊரில் செல்வம் சேர்வது அரிதன்று. சேர்ந்த செல்வத்தை என்ன செய்வது என்பதே வினா. ஊருக்குப் பணம் அனுப்பி நஞ்சை வாங்கலாம். குலதெய்வக் கோயிலுக்குத் திருப்பணி செய்யலாம். அவ்வாறு செய்தோர் பலர் இருந்திருப்பர். அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின் சோமசுந்தரம் முதலியார் என்னும் பெரியார் வேறொன்று செய்தார். 1862-ஆம் ஆண்டில் சிகந்தராபாத்தில் ஓர் ஆங்கிலோ-வெர்னாகுலர் பள்ளியைத் தொடங்கினார். ஆங்கிலத்தோடு நாட்டு மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளி என்பது அப்பெயரின் பொருள்.

அக்காலச் சூழலை எண்ணிப் பார்த்தால்தான் இச்செயலின் அருமை விளங்கும். 1862-இல் ஐதராபாத் நாட்டுக்கு இருப்புப்பாதையே கிடையாது. வாடியிலிருந்து சிகந்தராபாத்துக்கு நிஜாமின் புகைவண்டி ஓடத் தொடங்கியது 1874-இல்தான். அஃதாவது பள்ளி தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. சென்னையிலிருந்து வருபவர் மாட்டு வண்டியில் பல நாள் பயணம் செய்து வரவேண்டிய காலம். உஸ்மானியாப் பல்கலைக்கழகம் தோன்ற இன்னும் 56 ஆண்டுகள் இருந்தன. நிஜாம் கல்லூரி தோன்ற இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன. இத்தகைய காலத்தில் அயலூரிலிருந்து வந்து குடியேறிய இனத்தைச் சேர்ந்த ஒருவர், வந்த ஊரில் அனைவருக்குமாக ஒரு பள்ளியைத் தொடங்கினார் என்பது சாதாரணச் செய்தியன்று.

இப்பள்ளியே பின்னர் ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கானின் பெயரால் மகபூப் கல்லூரி எனப்பட்டது. மகபூப் அலி கான் பிறந்ததே 1866-இல். எனவே பள்ளி அரசரினும் மூத்தது! அரசரின் பெயர் தாங்கும் பள்ளி, அரசர் பிறப்பதற்கு முன்பே ஒரு குடிமகன் தொடங்கிய பள்ளி என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அரசு உதவி வரும்வரை காத்திராமல், தாம் வாழும் தெருவின் தேவையைத் தாமே உணர்ந்து செய்த செயல் அது.

இதனை நான் 'முதல் ஆர்வத்தின் முதிர்ந்த வடிவம்' எனக் கருதுகிறேன். ஓர் ஊரை விரும்புகிறேன் என்று வாயாற் சொல்வது எளிது. இவ்வூரில் என் பிள்ளையும் உன் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்க வேண்டும் என்று செயலாற் சொல்வது அரிது.

1893: பள்ளி மேடையில் ஒரு துறவி

முப்பத்தோராண்டுகள் கழிந்தன. 1893 பிப்ரவரி 10-ஆம் நாள் சென்னையிலிருந்து ஓர் இளந்துறவி புகைவண்டியில் ஐதராபாத் வந்திறங்கினார். அவரை வரவேற்க நிலையத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கூடியிருந்தனர். அவர்தாம் சுவாமி விவேகானந்தர். சிக்காகோ சர்வசமயப் பேரவைக்கு அவரை அனுப்பப் பொருள் திரட்டியவர்களில் முதல்வர் சென்னைப் பச்சையப்பன் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். சென்னை இளைஞரின் அம்முயற்சிக்கிடையே நிகழ்ந்ததுதான் இவ்வருகை.

பிப்ரவரி 13-ஆம் நாள் மகபூப் கல்லூரியில் சுவாமிகள் ஆங்கிலத்தில் சொற்பொழிவு நிகழ்த்தினார். பண்டித ரத்தன்லால் தலைமை தாங்கினார். ஐரோப்பியர் பலர் உட்பட ஏறத்தாழ ஆயிரம் பேர் கேட்டனர். 'மேனாட்டுக்கு யான் கொண்டு செல்லும் பணி' என்பதே பொருள். மே 31-ஆம் நாள் அவர் பம்பாயில் கப்பலேறினார். கடல் கடப்பதற்கு முன் தம் நோக்கத்தைப் பெருங்கூட்டத்தின் முன் ஆங்கிலத்தில் அவர் எடுத்துரைத்த மேடை, சிகந்தராபாத்தில் ஒரு தமிழ்ப் பெரியார் தொடங்கிய பள்ளியின் மேடை. சோமசுந்தரம் முதலியார் 1862-இல் இதனைக் கனவிலும் எதிர்பார்த்திருக்க முடியாது. பொதுவுக்கென ஒன்றைச் செய்து வைத்தால் அது செய்தவர் எண்ணாத பயன்களையும் தரும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இங்கே நம் பொருளுக்கு நெருங்கிய மற்றொன்றையும் கூறவேண்டும். அமெரிக்காவில் கால் வைத்த சில வாரங்களில், 1893 ஆகஸ்டு 20-ஆம் நாள், சுவாமிகள் அளசிங்கருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். குளிரும் செலவும் வாட்டும் நிலையிலும் அந்நாட்டைக் கண்ட வியப்பு அக்கடிதத்தில் நிறைந்திருக்கிறது. பெண் கைதிகளுக்கான சீர்திருத்தச் சிறையொன்றைப் பார்த்து, அங்கு அவர்களை மனிதராக மதித்து நடத்தும் முறையை அவர் போற்றுகிறார். உடனே தம் நாட்டு ஏழைகளை நினைந்து உளம் நோகிறார். அவர்களை உயர்த்தும் பணியைச் சென்னை இளைஞர்களிடம் ஒப்படைக்கிறார். புதுநாட்டு வியப்பில் இரு வகை உண்டு. ஒன்று, கண்டதைப் புகழ்ந்து பிறந்த நாட்டை இகழ்வதோடு நிற்பது. மற்றொன்று, கண்ட நன்மையைக் கைக்கொண்டு ஒரு கடமையாக மாற்றுவது. சுவாமிகளுடையது இரண்டாவது வகை. சோமசுந்தரம் முதலியாருடையதும் அதுவே. முன்னவர் புதுநாட்டிற் கண்டதைத் தாய்நாட்டுக்கு அனுப்பினார். பின்னவர் வந்த ஊருக்கே வழங்கினார்.

ஆர்வத்துக்கு ஊர் இட்ட நிபந்தனை

இதுவரை சொன்னவை இனிய பக்கங்கள். வரலாறு எழுதப் புகுந்தவன் மறுபக்கத்தையும் காட்டக் கடமைப்பட்டவன்.

1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் ஆட்சியைப் புதுப்பிக்கும் பொருட்டு வெளிநாட்டுக் கல்வி, ஆங்கிலக் கல்வி பெற்றவர்களை அழைத்து வந்தார். அவர்களுள் ஒருவர் வங்காளத்து அகோரநாத் சட்டோபாத்யாயர்; கவிக்குயில் சரோஜினி தேவியின் தந்தையார். ஐதராபாத்தில் புதுக்கல்வியை வளர்ப்பதில் பேரார்வம் காட்டியவர். ஆயினும் சந்தா இருப்புப்பாதைத் திட்டம் பற்றிய கிளர்ச்சியில் ஈடுபட்டமையால் 1883-இல் நாடு கடத்தப்பட்டார். பின்னரே திரும்பி வர இசைவு கிடைத்தது. வந்த நாட்டை விரும்பலாம், அதற்கு உழைக்கலாம். அதன் அரசியலில் கருத்துச் சொன்னால் 'நீ யார்?' என்ற கேள்வி பிறக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வெளியார் பதவிகளில் நிறைய நிறைய, 'முல்கி', 'கைர்முல்கி' என்னும் சொற்கள் வலுப்பெற்றன. முல்கி என்றால் நாட்டவன். கைர்முல்கி என்றால் நாட்டவன் அல்லாதவன். 1919-ஆம் ஆண்டின் நிஜாம் ஆணை அரசுப் பணிகளை முல்கிகளுக்கே உரியவையாக்கியது. வெளியிலிருந்து வந்தவன் முல்கி ஆவது எப்படி? பதினைந்து ஆண்டுகள் நிலையாக இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அதுமட்டுமன்று. முன்பு வாழ்ந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டதாக மாஜிஸ்திரேட்டின் சான்றோடு பிரமாணப் பத்திரமும் தர வேண்டும்.

எத்துணைக் கூர்மையான நிபந்தனை! ஆண்டுக் கணக்கை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். மனத்தில் உள்ள திரும்பும் எண்ணத்தை எந்த மாஜிஸ்திரேட்டு அளப்பார்? கும்பகோணத்தில் ஓட்டு வீடும், திருநெல்வேலியில் அரைக்காணி நிலமும் வைத்திருந்த நம் முன்னோர் அப்பத்திரத்தில் கையொப்பமிடும் போது பேனாவைச் சற்றே நிறுத்தியிருக்க மாட்டார்களா?

இந்த ஆணையைக் கொடுமை என்று மட்டும் சொல்லி விடுவதும் நேர்மையாகாது. நாட்டு மக்களின் குறையில் நியாயம் இருந்தது. தங்கள் வரியில் நடக்கும் அரசில் தங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆங்கிலம் கற்றவர் எங்கிருந்தோ வந்து நாற்காலியில் அமர்கிறார் என்றால் எவருக்குத்தான் பொறுக்கும்? நிஜாம் கல்லூரியே 1947 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஆதலால் சென்னைப் பக்கத்தவர்க்கு அப்படிப்பு பழக்கப்பட்ட பாதை. உருதுவிலும் தெலுங்கிலும் பயின்ற உள்ளூர்ச் சிற்றூர்ப் பிள்ளைக்கோ அது எட்டாத படி. நம்முடைய ஆர்வமும் அவர்களுடைய மனக்குறையும் ஒரே ஏணியின் இரு கால்கள் என்பதை உணர்ந்தால்தான் இவ்வரலாறு முழுமை பெறும்.

அந்நாளில் தமிழர் ஒருவர்க்குப் பெரும்பொறுப்பு ஒன்று வந்தது. 1937-இல் நிஜாம் அரசு அரசியல் சீர்திருத்தங்களை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவராக வழக்கறிஞர் திவான் பகதூர் அரவமுது ஐயங்கார் அமர்த்தப்பட்டார். குழு 1938-இல் அறிக்கை அளித்தது. 1939-இல் சீர்திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. முழுப் பொறுப்பாட்சி கேட்டவர்களுக்கு அவை மனநிறைவளிக்கவில்லை. எனினும் நாட்டின் சட்டமன்றம் எப்படி அமைய வேண்டும் என்று ஆராயும் குழுவுக்குக் குடியேறிய இனத்தவர் ஒருவர் தலைமை தாங்கியது எண்ணத்தக்கது. பத்மராவ் நகர் திவான் பகதூர் பத்மராவ் முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்பதும் அவ்வாறே. ஊர் தன் தெருக்களுக்கு வந்தவரின் பெயரை இட்டு வழங்குமானால், அது ஊரே எழுதித் தந்த முல்கிச் சான்றிதழ் அன்றோ!

1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதன்பின் சென்னை மாகாணத்திலிருந்து அலுவலர் பலர் அனுப்பப்பட்டனர். பழைய மனக்குறை மீண்டும் கிளர்ந்தது. 1952 செப்டம்பரில் முல்கி கிளர்ச்சி மூண்டு துப்பாக்கிச் சூட்டில் மாணவர் உயிரிழந்தனர். 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. 1969-இல் தெலங்கானாக் கிளர்ச்சி நகரை உலுக்கியது. 1973-இல் முல்கி விதிகள் நீக்கப்பட்டன. அவ்வினாவோ நீங்கவில்லை. 2014 ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலம் ஆனபோதும் அதன் வேர்களில் ஒன்று 'எம் மண்ணில் எமக்கு இடம் எங்கே?' என்ற அப்பழைய கேள்வியே. வந்து குடியேறிய நாம் இக்கேள்வியைக் காதில் வாங்காமல் நம் ஆர்வத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது பாதி வரலாறாகவே முடியும்.

குன்னூரிலிருந்து வந்த ஆய்வகம்

மாநில அரசுப் பணிகளில் தடை இருந்தாலும் மைய அரசு நிறுவனங்களின் வாயில் திறந்திருந்தது. நம்மில் மிகப் பலர் அவ்வழியே வந்தவர்கள். அவ்வரலாற்றில் நெஞ்சைக் கவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-இல் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், பெரிபெரி நோயை ஆராயச் சிறு பிரிவொன்றைத் தொடங்கினார். அது 1928-இல் உணவாராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958-இல் அக்கூடம் முழுவதும் குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969-இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. மலைக்குளிரில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வாழ்ந்து பழகிய பணியாளர் குடும்பங்கள், தார்நாகாவின் பாறையும் வெயிலும் நிறைந்த வெளியில் வந்திறங்கிய காட்சியை எண்ணிப் பாருங்கள்! தனி மனிதர் குடிபெயர்வது உண்டு. குடும்பம் குடிபெயர்வது உண்டு. இங்கே ஓர் ஆய்வகமே குடிபெயர்ந்தது.

சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இந்நிறுவனத்தின் இயக்குநராகப் பல்லாண்டுகள் விளங்கினார். ஏழைக் குழந்தைகளின் ஊட்டக் குறைவை ஆராய்ந்து நாடறியச் செய்தவர்; 2019-இல் நூறு வயது நிறைந்த பின் மறைந்தார். இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையிட்டுக் காட்டும் புகழ்பெற்ற நூல், குன்னூரில் 1937-இல் வெளிவந்த ஓர் அறிக்கையை வேராகக் கொண்டது. அது ஐதராபாத்தில் வளர்ந்து, கோபாலனும் உடன் ஆசிரியரும் எழுதிய நூலாக 1971-இல் வெளிவந்தது. மருத்துவமனைகளில் நோயாளிக்கு இன்ன உணவு என்று வகுப்போர் பல்லாண்டுகள் அந்நூலைப் புரட்டினர். குன்னூரில் விதைத்து ஐதராபாத்தில் விளைந்த பயிரை நாடே உண்டது எனலாம்.

1966 அக்டோபர் 2-ஆம் நாள் தென் மத்திய ரயில்வே சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. அதன் கோட்டங்களுள் சில அதுகாறும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக ரயில்வேயில் இருந்தவை. எனவே இருப்புப்பாதை அலுவலகங்களில் தமிழ் கேட்டது வியப்பன்று. மேலும் இராமச்சந்திராபுரத்துப் பெல் தொழிற்சாலை, 1967-இல் மின்னணுக் கழகம், பாதுகாப்பு ஆய்வகங்கள் என மைய நிறுவனங்கள் ஒவ்வொன்றாய் எழ, அவற்றோடு தமிழ்க் குடும்பங்களும் பெருகின. 1998-இல் ஹைடெக் சிட்டி திறக்கப்பட்டபின் கணிப்பொறி இளைஞர் வந்தனர், இன்றும் வந்துகொண்டிருக்கின்றனர். 1806-இல் பாசறைக்கு வந்த சிப்பாய் போலவே அவ்விளைஞரும் முதல் மாதச் சம்பளத்தில் ஊரைப் புகழ்ந்து வீட்டுக்குப் பேசுகின்றனர். பேசும் கருவி மாறியது, பேச்சு மாறவில்லை.

நாம் செய்யத்தக்கது

இவ்வளவும் கண்டபின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். புதுமண் மீது பூக்கும் ஆர்வம் தானே நிலைப்பதில்லை. அது பொதுப்பயனாய்க் காய்த்தால் நிலைக்கிறது. நம்மவர்க்குள்ளேயே சுழன்றால் ஒரு தலைமுறையில் உதிர்ந்துவிடுகிறது. முல்கி ஆணை பதினைந்து ஆண்டுகளையும் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் கேட்டது. சோமசுந்தரம் முதலியார் அவ்வாணை பிறப்பதற்கு 57 ஆண்டுகள் முன்னரே அதனினும் வலிய பத்திரம் ஒன்றை எழுதி வைத்துவிட்டார். அப்பத்திரம் ஒரு பள்ளிக்கூடம். தாளில் எழுதிய உறுதிமொழிகள் கறையான் வாய்ப்பட்டிருக்கும். பள்ளியோ 160 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

இந்த அளவுகோலை நம்மீதே வைத்துப் பார்ப்போம். நம் சங்கங்கள் பொங்கல் விழா எடுக்கின்றன, இசையரங்கு நடத்துகின்றன, பட்டிமன்றம் வைக்கின்றன, இறுதியில் வாழையிலை போட்டு விருந்தளிக்கின்றன. இவை வேண்டுவனவே. மொழியும் பழக்கமும் இவற்றால் காக்கப்படுகின்றன. ஆயின் நம் விழா மண்டபத்துக்கு வெளியே நிற்கும் தெலுங்கு அன்பரும் உருது அன்பரும் நம்மால் பெற்ற பயன் யாது என்று கேட்டால் நாம் மகபூப் கல்லூரியையன்றிச் சுட்டிக்காட்ட இன்னும் எத்தனை வைத்திருக்கிறோம்? மறுபுறம், நம் வீட்டுக்குள்ளும் ஓர் இழப்பு நிகழ்கிறது. தமிழ் பேசும் பிள்ளைகள் உண்டு. தமிழ் படிக்கும் பிள்ளைகள் குறைவு. இம்மலரை வாங்கிச் செல்லும் இல்லங்களில் இதனைப் படிக்கவல்லவர் பெற்றோரும் தாத்தா பாட்டியருமே என்பது கசப்பான உண்மை.

இவ்விரு குறைகளுக்கும் ஒரே மருந்து போதும் என எண்ணுகிறேன். தமிழ் வகுப்பை நம் பிள்ளைகளுக்காக மட்டுமன்றி, கற்க விரும்பும் எவர்க்கும் திறந்து வைப்போம். அருகிலுள்ள ஏதேனும் ஓர் அரசுப் பள்ளியைத் தத்தெடுத்து, நம்முள் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்களும் கணக்கர்களும் வாரம் ஒரு மணி நேரம் அங்குச் சென்று கற்பிப்போம். அங்குள்ள பிள்ளை தெலுங்கில் கேட்கும் ஐயத்துக்கு நம் பிள்ளை தெலுங்கில் விடை சொல்லட்டும். அது நமக்குப் பெருமையே. மேலும், பழைய முதலியார், நாயுடு, ஐயர், பிள்ளை இல்லங்களின் பரணில் கிடக்கும் கடிதங்களையும், ஹாலி ரூபாய்க் கணக்கேடுகளையும், படைச் சான்றிதழ்களையும், முல்கிப் பத்திரங்களையும் சங்கம் திரட்டிப் படியெடுத்து வைக்கவேண்டும். பரணைத் துப்புரவு செய்யும் ஒவ்வொரு தீபாவளிக்கும் வரலாற்றின் சில பக்கங்கள் பழைய தாள் வணிகரிடம் எடைக்குப் போகின்றன. இனியும் காலம் தாழ்த்தலாகாது.

தமிழன்பர்களே! நம்மில் சிலர் ஓய்வுபெற்றதும் சென்னைக்கோ திருவரங்கத்துக்கோ திரும்பலாம். சிலர் இங்கேயே கண்மூடலாம். திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டோமா இல்லையா என்று இன்று நம்மை எந்த மாஜிஸ்திரேட்டும் கேட்பதில்லை. இருக்கும் நாளில் இவ்வூருக்கு என்ன செய்தீர் என்று மட்டும் நம் பேரப்பிள்ளைகள் கேட்பர். அதற்கு விடையாக விழாப் புகைப்படங்களோடு ஒரு வகுப்பறையையும் காட்ட முடியுமாயின், பாசறைக்கு முதலில் வந்த அந்தத் தமிழரின் ஆர்வம் நம்மிடத்தும் வாழ்கிறது எனத் துணிந்து சொல்லலாம். வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் இந்நகர்!